கூடலூர் மலையில் வீட்டுக்கு வீடு பணமாகவே கொடுத்தால் என்ன ஆகும்?

கேட்டவர் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து 3 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறார்கள். நீலகிரியின் கூடலூர் பக்கம் ஏறக்குறைய 30 வீடுகள் உள்ள ஒரு பழங்குடிக் காலனிக்கு அதைச் செலவிட நினைக்கிறார்கள். ஆடு வாங்கித் தரலாமா, தையல் மிஷின் தரலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர், "கென்யாவில் வீட்டுக்கு வீடு பணமாகவே கொடுக்கிறார்களாம், நாமும் அப்படிச் செய்யலாமே" என்றிருக்கிறார். இன்னொருவர், "காலையில் கொடுத்த காசு சாயங்காலம் டாஸ்மாக்கில் இருக்கும்" என்றிருக்கிறார். எது சரி என்பது கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பணம் வந்தால் ஓர் ஏழை வீட்டின் அன்றாடம் எப்படி மாறும் என்பது ஒன்று. அந்த வீட்டுக்காரர்களை நம்பிக் கையில் காசு கொடுக்கலாமா என்பது மற்றொன்று. வெளியே கேட்டது முதலாவது என்றாலும் உங்கள் குழுவைத் தடுமாற வைத்திருப்பது இரண்டாவது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கூடலூர், பந்தலூர் வட்டங்களில் வங்கிக் கிளைகளில் கள அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பயிர்க்கடன், மகளிர் குழுக்கடன், முதியோர் பென்ஷன், இப்போது பெண்களுக்கு வரும் மாத ஆயிரம் என்று ஏழை வீடுகளுக்குள் பணம் வந்து போகும் வழியைப் பல வருடம் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்தும், பிறகு அந்தந்தக் காலனித் திண்ணைகளில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். படித்தது பொருளாதாரம் என்பதால் வெளிநாட்டு ஆய்வுகளையும் விடாமல் படிக்கிறேன். பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடிகளின் குடியிருப்புகளும் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளும் எனக்குத் தெரிந்த உலகம். கோத்தகிரிப் பக்கத்து இருளர் ஊர்களோ, பழனி மலையின் பளியர் ஊர்களோ இதே மாதிரி இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

குடியைப் பற்றி உலக அளவில் கிடைக்கும் ஆதாரம் ஓரளவு தெளிவானது. பணமாக உதவி கொடுத்தால் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடுகிறதா என்று ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளில் நடந்த 19 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த இருவர், 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் கூடவில்லை. கென்யாவின் ராரியெடா பகுதியில் 2011 முதல் நடந்த புகழ்பெற்ற சோதனையிலும் அப்படித்தான்: சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் செலவு கூடியது, குடிச்செலவு கூடவில்லை. நம் மலையில் குடி இல்லையா என்றால், இருக்கிறது. சில வீடுகளை அது அழித்தும் இருக்கிறது. ஆனால் அந்த வீடுகளில் குடிக்குப் போவது ஆணின் சனிக்கிழமைக் கூலி. உதவித்தொகை வருவதற்கு முன்பும் அது போய்க்கொண்டிருந்தது, வந்த பிறகும் போகிறது. பெண்ணின் கணக்கில் 15-ஆம் தேதி விழும் ஆயிரத்தைக் கணவன் பிடுங்கிக்கொண்டு போன வீடுகள் உண்டு. அப்படி நடந்தால் காலனி முழுக்கத் தெரிந்துவிடும், பேச்சும் வரும், அதனால் நம் காதுக்கும் வந்து சேரும். பிடுங்கப்படாமல் எண்ணெயும் பருப்புமாக மாறிய ஆயிரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. மெக்சிகோ, ஹோண்டுராஸ், நிகராகுவா, மொராக்கோ, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளின் ஏழு திட்டங்களைப் பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் உடன் மூவரும் ஆராய்ந்தார்கள். பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்ததற்கு முறையான சான்று எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மாதம் ஆயிரம் ரூபாயை நம்பி ஒரு குடும்பம் கொழுந்து பறிக்கப் போகாமல் இருந்துவிடும் என்று நினைப்பவர், அந்த ஆயிரத்தில் எத்தனை நாள் அடுப்பு எரியும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இனி முதல் கேள்வி. "என்ன வாங்கினார்கள்" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் கவனித்தவரை, வாங்கிய பொருளைவிடப் பெரிய மாற்றம் வேறோர் இடத்தில் நடக்கிறது. எந்தத் தேதியில், யாரிடம், எந்த நிபந்தனைக்குத் தலையாட்டவேண்டி இருக்கிறது என்பதில். இதைப் புரிந்துகொள்ள எங்கள் மலையின் மழைக்காலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேவாலா, பந்தலூர், சேரம்பாடிப் பக்கம் ஜூன் மாதம் பிடிக்கும் தென்மேற்குப் பருவமழை ஆகஸ்ட் கடந்தும் விடாது. தோட்டத்தில் நிரந்தர வேலை உள்ளவர்களுக்கு மழையிலும் கூலி உண்டு. அன்றாடக் கூலிக்குப் போகிறவர்களுக்கு அந்த மாதங்களில் வேலை வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் கிடைத்தால் அதிகம். பணியர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகை. ரேஷன் அரிசி இருப்பதால் சோறு இருக்கும். குழம்புக்கும், மண்ணெண்ணெய்க்கும், சோப்புக்கும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஜீப் வாடகைக்கும் காசு இருக்காது. அப்போது போவது இரண்டு இடத்துக்கு. ஒன்று மளிகைக் கடையின் பற்று நோட்டு. இன்னொன்று வேலைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி. அவர் ஆடி மழையில் காலனிக்கு வந்து சில ஆயிரம் ரூபாய் முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் போவார். அதை வாங்கியவர்கள் குடகில் காப்பி பறிப்புக்கும் இஞ்சித் தோட்டத்துக்கும் அவர் கூப்பிட்ட நாளில் வண்டி ஏற வேண்டும். கூலி எவ்வளவு என்பதை அவர் சொல்வார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் கூடவே போகும், ஏனென்றால் வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. மார்ச் மாதம் திரும்பி வரும்போது அந்தப் பிள்ளைக்கு அந்த வருடப் படிப்பு முடிந்துபோயிருக்கும்.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. மானந்தவாடி அருகே வள்ளியூர்க்காவு திருவிழாவில்தான் ஒருகாலத்தில் பணியர்களையும் அடியர்களையும் நிலக்காரர்கள் அந்த வருடத்துக்கென்று விலைபேசிப் பிடித்துக்கொண்டு போவார்கள். 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. வடிவம் மாறியது. முன்பணம் வாங்கியவன் பேரம் பேச முடியாது என்பது மட்டும் மாறாமல் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் மாதாமாதம் சொன்ன தேதிக்கு வரும் சின்னத் தொகை வேலை செய்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகை தொடங்கி ஒன்றரை வருடம் ஆனபோது, நான் அறிந்த ஒரு பணியர் பெண் சொன்னதை இங்கே தருகிறேன்: "இந்தத் தடவ மேஸ்திரி வந்தப்ப நான் அட்வான்ஸ் வேண்டாம்னுட்டேன் சாரே. கடையில பதினஞ்சாந் தேதி தர்றேன்னு சொன்னா இப்பக் கொடுக்கிறாங்க. குடகுக்குப் போனேன், ஆனா கூலி எவ்வளவுன்னு கேட்டுட்டுப் போனேன்." அவர் வீட்டில் புதுப் பொருள் எதுவும் இல்லை. யாராவது கணக்கெடுக்கப் போனால் "உதவித்தொகையால் சொத்து எதுவும் சேரவில்லை" என்றுதான் எழுதிக்கொண்டு வருவார்கள். மாறியது கடைக்காரரின் பார்வை. தேதி தெரிந்த வருமானம் உள்ளவருக்கு அவர் அடுத்த மாதம் வரை பொறுப்பார். தேதி தெரியாதவருக்குச் சில்லறைப் பாக்கெட்டில், விலை சேர்த்து, முகம் சுளித்துக் கொடுப்பார்.

ஒருவர் சொன்னதை வைத்துக்கொண்டு நான் பெரிதுபடுத்தவில்லை. மத்தியப் பிரதேசத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கம் யுனிசெஃப் நிதியுடன் 2011-12-ல் ஒரு முன்னோட்டம் நடத்தியது. எட்டுக் கிராமங்களில் ஆளுக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100, ஒரு வருடம் கழித்து 300-ம் 150-ம். இன்னொரு பழங்குடிக் கிராமத்தில் தொடக்கத்திலிருந்தே 300-ம் 150-ம். நிபந்தனை எதுவும் இல்லை. அங்கே கண்டவற்றில் எனக்கு முக்கியமாகப்பட்டவை: விதையும் உரமும் கடனுக்கு வாங்குவது குறைந்தது, ஆடு மாடுகள் கூடின, அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள் சொந்த நிலத்தில் கூடுதல் நாள் உழைத்தார்கள், வட்டிக்காரரிடமும் நிலக்காரரிடமும் கட்டுப்பட்டு நிற்பது தளர்ந்தது. உங்கள் குழு வாங்கித்தர நினைத்த ஆட்டை அவர்களே வாங்கியிருக்கிறார்கள், எந்த ஆடு எந்த மாதம் வாங்கவேண்டும் என்பது தெரிந்து.

அடுப்படியில் என்ன மாறுகிறது என்றும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைப்பதால் பணம் அரிசிக்குப் போவதில்லை. 50 மில்லி பாக்கெட் எண்ணெய் அரை லிட்டராகிறது. வாரத்தில் ஒரு நாள் மத்தி மீன் வருகிறது, முட்டை வருகிறது. பிள்ளைக்கு மழைக்குக் குடை, ரப்பர் செருப்பு. போன் ரீசார்ஜ். இந்தக் கடைசியைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனை நிற்கிறதா என்று பாதையில் முன்னால் போனவரைக் கேட்பதும், நாளைக்கு எந்தத் தோட்டத்தில் வேலை என்று தெரிந்துகொள்வதும் அந்தப் போனில்தான். ரேஷன் அரிசி இல்லாமல் பணம் மட்டும் என்றால் கதை வேறு. புதுச்சேரியில் 2015-லிருந்து படிப்படியாக அரிசிக்குப் பதில் கணக்கில் பணம் போட்டார்கள். தொடக்கத்தில் பணம் வந்ததா என்றே பலருக்குத் தெரியவில்லை. வந்த பணத்தில் அதே அரிசியைக் கடையில் வாங்கக் கைக்காசும் சேர்க்கவேண்டி இருந்தது. மக்கள் அரிசியே வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்து, 2024-ல் ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன. ஆகவே "பணம் கொடுத்தால் போதும், மற்றதெல்லாம் வீண்" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அரிசிக்கு மேல் வரும் பணம்தான் நான் சொன்ன மாற்றத்தைச் செய்கிறது.

மாதாமாதமா, மொத்தமாகவா என்ற கேள்விக்கும் கென்யாவிலிருந்து ஒரு பதில் உண்டு. ராரியெடாவில் சில வீடுகளுக்கு மாதத் தவணையாகவும் சில வீடுகளுக்கு ஒரே தடவையாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். மாதம் வாங்கியவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலை குறைந்தது. மொத்தமாக வாங்கியவர்கள் நின்று நிலைக்கும் பொருள்களில் போட்டார்கள். அந்தச் சோதனையில் பலர் செய்த பெரிய செலவு, புல் கூரையை மாற்றித் தகரம் போட்டது. வருடா வருடம் புல் வேயும் செலவு அதோடு நின்றது. எங்கள் பக்கமும் மழைக்கு முந்திய பெரும் கவலை கூரைதான். அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடுகள் பல ஒழுகுகின்றன. நீலத் தார்ப்பாய் போட்டு, மேலே டயரும் கல்லும் வைத்திருப்பதைக் கூடலூர்ச் சாலையில் போகிற யாரும் பார்க்கலாம். கென்யாவில் பிறகு நடந்த நீண்டகாலச் சோதனையில் இன்னொரு விஷயம் தெரிந்தது. மாதத் தொகை வாங்கியவர்கள் பலர் தங்களுக்குள் சுழற்சிச் சேமிப்புக் குழு சேர்ந்து, அதை மொத்தத் தொகையாக மாற்றிக்கொண்டார்கள். நம் பெண்கள் மாத ஆயிரத்தில் சீட்டுப் போட்டு மாதத்துக்கு ஒருவராக எடுப்பது போலவே. ஏலமும் தள்ளுபடியும் இல்லாத, பத்துப் பேருக்குள் நடக்கும் சீட்டு அது. அதில் எடுத்த பத்தாயிரத்தில் கூரைத் தகடு போட்டவர்களையும், மூக்குத்தியை அடகிலிருந்து மீட்டவர்களையும் எனக்குத் தெரியும்.

தாய் சேய் நலத்தில் பணத்தின் விளைவு பற்றிச் சமீபத்தில் வந்த செய்தி என்னை மிகவும் பாதித்தது. கென்யாவின் சியாயா பகுதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தலா ஏறக்குறைய 1,000 டாலர் கொடுத்த பெரிய சோதனையின் பழைய பிறப்பு, இறப்பு விவரங்களைத் திரட்டி 2025-ல் ஓர் ஆய்வறிக்கை வந்தது. பணம் வந்த வீடுகளில் குழந்தை இறப்பு பாதியளவுக்குக் குறைந்திருந்தது. காரணமாக அவர்கள் காட்டியவற்றில் ஒன்று, நிறைமாதத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் பெண்கள் கடும் உழைப்பைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. இன்னொன்று, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்த ஊர்களில்தான் இந்தப் பலன் பெரிதாகத் தெரிந்தது. இரண்டுமே எங்கள் மலைக்கு நேராகப் பொருந்துகிற விஷயம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 1987-ல் 300 ரூபாயாகத் தொடங்கி இன்று ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாயில் நிற்கிறது. அந்தப் பணம் நிறைமாதத்தில் கைக்கு வந்தால் கொழுந்துக் கூடை முதுகில் ஏறாது. பிரசவம் முடிந்து பல மாதம் கழித்து வந்தால் அது கடனடைக்க மட்டும் ஆகும். தாமதமாக வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், பாஸ்புக்கில் பதிந்த தேதியையும் குழந்தையின் வயதையும் பக்கத்தில் வைத்து. தூரம் என்று பார்த்தால், கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர் மலைப்பாதை. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025-ல் திறந்தது நல்ல காரியம். சேரம்பாடியில் இரவு பத்து மணிக்கு வலி எடுத்தவளுக்குக் கையில் ஐயாயிரம் இருந்தாலும் அந்தப் பாதை சுருங்கிவிடாது. பணத்தால் முடியாத வேலைகள் இவை.

பணம் கைக்கு வந்து சேர்வதே எங்கள் பக்கம் ஒரு தனி வேலை. மலையில் பல காலனிகளுக்குப் பக்கத்தில் ஏ.டி.எம். கிடையாது. பஸ் ஏறிப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. 2024-ல் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் நீலகிரிக்கும் நீட்டிக்கப்பட்டதால் பஸ் காசு மிச்சம். பஸ் வந்தால். ஊருக்கே வந்து கைரேகை வைத்துப் பணம் தரும் வங்கி முகவர்கள் இருக்கிறார்கள். காலமெல்லாம் கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலைக் கருவி படிப்பதில்லை. சில முகவர்கள் ஆயிரத்துக்கு ஐம்பது எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை, அவர்களுக்கான கமிஷனை வங்கி கொடுக்கிறது. இன்னொரு சிக்கல் ஆதார் இணைப்பு. ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அதில்தான் விழும். குழுக்கடனுக்காக வேறு வங்கியில் ஒரு கணக்கு தொடங்கியிருப்பார்கள். பணம் அங்கே போய் விழுந்திருக்கும். இவர்கள் பழைய பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு பழைய கிளைக்கு வந்து "பணம் வரலை" என்று நிற்பார்கள். போதாததற்கு, சாதாரண சேமிப்புக் கணக்காக இருந்தால் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிப்பதும் உண்டு. அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொண்டால் அந்த அபராதம் கிடையாது. எழுதிக் கேட்டால் மாற்றிக் கொடுக்க வேண்டியது வங்கியின் கடமை.

யாருக்குக் கிடைக்கவே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். மத்திய அரசு விவசாயிகளுக்கு வருடம் 6,000 ரூபாய் கொடுக்கிறது, 2019 பிப்ரவரியிலிருந்து. நிலம் பேரில் இருந்தால்தான் அது. கூடலூர், பந்தலூரில் பழைய ஜென்மிகளின், அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்களின், உரிமையை ஒழிக்க 1969-ல் சட்டம் வந்தது. குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய அதன் 17-ஆம் பிரிவில் மாட்டிய நிலங்களின் வழக்கும் வகைப்பாடும் இன்றுவரை தீரவில்லை. அங்கே தலைமுறையாகக் காப்பியும் மிளகும் போட்டிருக்கும் சிறு விவசாயிக்குப் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் அந்த 6,000 இல்லை. சொந்த நிலமே இல்லாத பணியருக்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை. 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்டங்களில் உழைத்து ஓய்வு பெற்றவர்களின் நிலையும் அதுதான். உரிமைத் தொகைக்கு நிலம் தேவையில்லை, ஆனால் ரேஷன் கார்டு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே பேரில், ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். பணியர் பெண்களின் பேரை எழுதிய ஒவ்வோர் அலுவலரும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார்கள். மிகவும் தேவைப்பட்ட வீடு பட்டியலில் இல்லாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

இதுவரை சொன்னவற்றில் எதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம்? பணம் குடிக்குப் போய்விடும், வேலையைக் கெடுக்கும் என்ற இரண்டும் பொதுவாகத் தவறு என்பது உறுதி. சாப்பாடும் கடன் நெருக்கடியும் உடனடியாக மேம்படும் என்பதும் உறுதி. பணம் நின்ற பிறகும் அந்த மேம்பாடு நிலைக்குமா என்பது அவ்வளவு தெளிவில்லை. ராரியெடாவில் மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது பணம் வாங்கிய வீடுகளில் சொத்து கூடுதலாக இருந்தது. ஆனால் ஒப்பீடு அதே ஊரில் வாங்காத வீடுகளோடா, வேறு ஊர்களோடா என்பதைப் பொறுத்து முடிவு மாறியது. விலைவாசியிலும் இரண்டு பக்கம் இருக்கிறது. சியாயாவில் அவ்வளவு பணம் கொட்டியும் விலை ஏறக்குறைய ஏறவே இல்லை, வாங்காத வீடுகளின் வருமானமும் கூடியது. பிலிப்பைன்ஸிலோ, ஒதுக்குப்புறமான ஊர்களில் முட்டை போன்ற பொருள்களின் விலை ஏறி, பணம் வாங்காத வீட்டுக் குழந்தைகளின் வளர்ச்சியை அது பாதித்தது. ஒரே கடை உள்ள மலைக் காலனிக்கு இதில் எது பொருந்தும் என்பதில் நான் எச்சரிக்கை பக்கம் நிற்பேன். பெண் கையில் கொடுத்தால் வீட்டில் அவள் பேச்சுக்கு மதிப்புக் கூடும் என்று நான் நம்புகிறேன், பார்த்தும் இருக்கிறேன். ஆனால் ராரியெடாவில் ஆணிடம் கொடுத்ததற்கும் பெண்ணிடம் கொடுத்ததற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதையும் மறைக்கக் கூடாது.

இப்போது உங்கள் 3 லட்சம். வீட்டுக்கு 10,000 வருகிறது. நானாக இருந்தால் மழைக்கு முன், ஏப்ரல் கடைசியில், கூரைக்கென்று 4,000 மொத்தமாகக் கொடுப்பேன். கூரைக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை போட மாட்டேன், அந்த மாதத்தில் கொடுத்தாலே பெரும்பாலும் அங்கேதான் போகும். மீதி 6,000-ஐ ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதம் 1,500. தேதி ஒன்றை முன்கூட்டியே சொல்லி, அந்தத் தேதி தவறாமல் போட வேண்டும். நாலு நாள் தள்ளிப்போனால் உதவியில் பாதி போய்விடும், ஏனென்றால் கடைக்காரரிடம் அவர்கள் கொடுத்த வாக்கு அந்தத் தேதியை நம்பித்தான். உரிமைத் தொகை 15-ஆம் தேதி வாக்கில் வருவதால் நீங்கள் மாதத்தின் முதல் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

30 வீட்டில் 25 வீட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். யார் ரொம்ப ஏழை என்று நீங்கள் முடிவு செய்யப் போனால் காலனிக்குள் இல்லாத சண்டை வரும், பிலிப்பைன்ஸில் நடந்ததும் நடக்கலாம். எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. ரசீது கேட்காதீர்கள், கையில் பணத்தோடு நிற்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் வீட்டுப் பணமாக இருக்க வேண்டும், உங்கள் விழாவாக இருக்கக் கூடாது. தொடங்குவதற்கு முன் ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்து, எத்தனை மாதம் வரும், எப்போது நிற்கும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஐந்தாவது மாதமும் வரும் என்று நம்பி ஒருவர் கடன் வாங்கிவிடக் கூடாது. பெண்கள் பேரில் உள்ள கணக்கைக் கேளுங்கள். பெண் இல்லாத வீடுகளையும், கணக்கே இல்லாத முதியவர்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு யாராவது நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆடும் தையல் மிஷினும் வேண்டாமா என்றால், யாராவது அதைக் கேட்டால் அவர்களே வாங்கிக்கொள்வார்கள். ஆட்டை மேய்க்க இடமும், சிறுத்தையிடமிருந்து காக்கத் தொழுவமும் எந்த வீட்டில் இருக்கிறது என்பது கோவையிலிருந்து தெரியாது. முடிந்தால் உங்கள் குழுவில் ஒருவரை இரண்டு நாள் அனுப்பி, 30 வீட்டின் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றிலும் பேர் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உரிமைத் தொகையோ பென்ஷனோ வராத வீடு ஒன்றுக்கு அதைச் சரிசெய்து கொடுத்தால், மாதாமாதம் வரும் அந்தத் தொகை உங்கள் பத்தாயிரத்தை ஒரு வருடத்துக்குள் தாண்டிவிடும்.

ஏப்ரல் தவணைக்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு கணக்கிலும் 1 ரூபாய் போட்டுப் பாருங்கள். 2023-ல் அரசும் அப்படித்தான் சரிபார்த்தது. எந்தெந்தக் கணக்கிலிருந்து திரும்பி வருகிறது என்ற பட்டியலோடு இங்கேயே மறுபடி எழுதுங்கள். முடங்கிய கணக்கை உயிர்ப்பிக்கவும், அடிப்படைக் கணக்காக மாற்றவும் வங்கியில் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்கிறேன்.